ஓய்வு யாருக்கு?

ஒரு மனிதன் தன் ஆண்டு விடுமுறையில் மூன்று நாட்களை எடுத்து, கணினித் திரையின் முன்னமர்ந்து விளையாடப் போகிறேன் என்று சொன்னால் நம்மிற் பெரும்பாலோர் சிரிப்போம். அதே மனிதன் தாயின் திவசத்துக்கென்றோ, ஊர்க்கோயில் தேருக்கென்றோ, பிள்ளையின் பரீட்சைக்கென்றோ லீவு கேட்டால் தலையசைப்போம். கடற்கரைக்குப் போய் வெறுமனே படுத்துக் கிடக்கப் போகிறேன் என்றாலுங்கூடப் பொறுத்துக்கொள்வோம். விளையாட்டு என்றதும் மாத்திரம் ஏளனம் பிறக்கிறது. இந்த ஏளனத்துக்கு நியாயமுண்டா என்று நாம் முதலில் ஆராய வேண்டும். அதற்கப்பால், ஏளனஞ் செய்வோரும் செய்யப்படுவோரும் ஒருங்கே காணத் தவறும் இன்னொரு கேள்வி இருக்கிறது. எமக்கு முக்கியமாகப் படுவது அதுவே.

கேள்வியை வெறுவெளியில் வைத்து ஆராய்வதிலும், நடந்த ஒரு காரியத்தை முன்வைத்து ஆராய்வது நன்று. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி, திங்கட்கிழமை. போலந்தின் தலைநகரான வார்சோவில் இயங்கும் சீ.டி. புரொஜெக்ட் ரெட் என்னும் நிறுவனம், ‘சைபர்பங்க் 2077’ என்ற தன் விளையாட்டை நவெம்பர் 19இல் வெளியிடுவதாக அறிவித்திருந்தது. ரசிகர் ஒருவர் ட்விட்டரில் அவ்விளையாட்டின் உத்தியோகபூர்வக் கணக்குக்கு எழுதினார். வெளியீட்டை ஒட்டி வேலைக்கு லீவு போடவிருப்பதாகவும், இனித் தாமதம் ஏற்படாது என்று உறுதி தர முடியுமா என்றும் அவர் கேட்டார். இரண்டே சொற்களில் பதில் வந்தது. உறுதி முழுமையானது என்பதே அதன் பொருள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அதே நிறுவனம் மஞ்சள் நிறப் பின்னணியில் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. விளையாட்டு மேலும் 21 நாட்கள் தள்ளிப் போகிறது. புதிய திகதி டிசெம்பர் 10.

இது முதல் ஒத்திவைப்பன்று. 2012இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இவ்விளையாட்டுக்கு 2019 யூனில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கண்காட்சியிலே நாட்குறிக்கப்பட்டது. அந்நாள் 2020 ஏப்பிரில் 16. பின்னர் அது செப்ரெம்பர் 17 ஆயிற்று. அதன்பின் நவெம்பர் 19 ஆயிற்று. ஒக்டோபர் 5ஆந் திகதி, விளையாட்டு ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். தட்டுகளிற் பதிப்பதற்குரிய மூலப்பிரதி ஆயத்தமாகிவிட்டது என்பது இதன் கருத்து. அத்தொழிலில் இந்தச் சொல்லுக்குச் சத்தியவாக்கின் மதிப்பு உண்டு. ஆகவே அதைக் கேட்டபின் மேலதிகாரியிடம் லீவுக்கு எழுதிக் கொடுத்தவர்களை மூடர் என்று சொல்வதற்கில்லை. கொடுத்த வாக்கை நம்பினார்கள், அவ்வளவுதான்.

லீவுக்கு எழுதிக் கொடுத்த இவர்கள் யாவர்? பள்ளிச் சிறுவருக்கு லீவுக் கடிதந் தேவையில்லை. செல்வந்தருக்கும் தேவையில்லை. லீவு எழுதிக் கொடுக்க வேண்டியவர் கூலிக்கு உழைப்பவர். களஞ்சியத்திற் பெட்டி அடுக்குபவர், மருத்துவமனையில் இரவுக் கடமை பார்ப்பவர், கந்தோரிற் கணக்கு எழுதுபவர். சைபர்பங்க் போன்ற ஒரு விளையாட்டு ஒரு மாலைப்பொழுதில் முடிவதன்று. ஒரு பெருநகரத்தையும் அதன் மாந்தரையும் அவர்தம் கதைகளையும் உள்ளடக்கிய அதனை முற்றாக ஆடி முடிக்கப் பல பத்து மணித்தியாலங்கள் வேண்டும். தடித்த நாவல் ஒன்றை ஊன்றிப் படிப்பதற்கு ஆகும் காலத்திலும் அதிகம். எட்டு மணித்தியால வேலை, வேலைக்குப் போகவும் வரவும் பிரயாணம், சமையல், பிள்ளைகள், முதியோர். இவையெல்லாம் போக ஓர் ஊழியனிடம் எஞ்சுவது இரவில் ஒரு மணித்தியாலம், அதுவும் கண்கள் செருகும் மணித்தியாலம். தான் விரும்பும் ஒன்றைத் தெளிந்த மனத்தோடு செய்ய விரும்புபவன், அதற்கு வேண்டிய பகற்பொழுதைத் தன் விடுமுறையிலிருந்தே வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாள் லீவு போட்டு விளையாடும் தொழிலாளியைக் கண்டு சிரிப்பவர், மிகுதி நாட்களில் அவனுக்கு எஞ்சுவது எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தால் சிரிப்பு அடங்கும்.

ஏன் முதல் நாளே விளையாட வேண்டும், மாதமொன்று கழித்து விளையாடினால் ஆகாதா என்றும் கேட்கலாம். எம் ஊர்களில் நட்சத்திர நடிகரின் படத்துக்கு முதற் காட்சிக்கே போகத் துடிப்பவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலர் ஒரே வேளையில் ஒன்றைக் கண்டு, வியந்து, பேசி, சண்டையிட்டுக் கொள்வதில் ஒரு திருவிழாத் தன்மை உண்டு. கதையின் முடிவை இன்னொருவர் வாயிற் கேட்கு முன் தானே கண்டறியும் இன்பமும் உண்டு. மனிதர் கூடி மகிழ விரும்புவது குற்றமன்று. ஆயினும், முன்னாளில் திருவிழாவின் நாளை அறுவடையும் நிலவும் குறித்தன. இந்தப் புதிய திருவிழாவின் நாளை ஒரு கம்பனி குறிக்கிறது, கம்பனியே மாற்றுகிறது. இதனைப் பின்னர் கவனிப்போம்.

தொழிலாளியின் ஓய்வைக் கண்டு நகைப்பது பழைய வழக்கம். 1936ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களிற் பிரான்சிலே ஏறத்தாழ இருபது இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, தொழிற்சாலைகளுக்குள்ளேயே குடியிருந்தார்கள். அதன் விளைவாக யூன் 20இல் மக்கள் முன்னணி அரசாங்கம் ஊதியத்துடனான இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பாயிருந்த லேயோ லக்ராஞ்ச் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயிற் கட்டணத்தைக் குறைப்பித்தார்; அந்தக் கோடையிலே இலட்சக்கணக்கானோர் அச்சலுகைச் சீட்டை வாங்கினர். அவர்களுட் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்கள். வலதுசாரிப் பத்திரிகைகள் என்ன செய்தன? லக்ராஞ்சின் இலாகாவுக்குச் சோம்பேறித்தனத்தின் அமைச்சு என்று பெயர் சூட்டி நகைத்தன. நேற்றுவரை தமக்கே உரித்தாயிருந்த கடற்கரைகளிலே தொழிலாளரின் துணித்தொப்பிகளைக் கண்ட கனவான்கள் முகஞ் சுழித்தனர். இந்த மக்களுக்கு ஓய்வைக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்யத் தெரியும் என்பதே அன்றைய வாதம். குடித்துக் கெடுவார்கள் என்று அன்று சொன்னார்கள். விளையாடிக் கெடுகிறார்கள் என்று இன்று சொல்கிறார்கள். வாதத்தின் அடிப்படை ஒன்றே.

அதே யூன் மாதம் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஊதியத்துடனான விடுமுறை பற்றிய 52ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாட்கள் என்பது அதன் ஏற்பாடு. விடுமுறை உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி ஒப்பந்தஞ் செய்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றும் அது விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1948 டிசெம்பர் 10இல், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24ஆம் உறுப்புரையிலே ஓய்வும் காலத்துக்குக் காலம் ஊதியத்துடனான விடுமுறையும் யாவர்க்கும் உரியன என்றது. இந்த ஆவணங்கள் எவற்றிலும் அந்த நாட்களை இன்ன காரியத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டுமென்ற நிபந்தனை காணப்படவில்லை. இல்லாதது நன்று. எதற்காக என்று விளக்கம் சொல்லிப் பெற வேண்டிய ஓய்வு சலுகையாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவிலே ஊதியத்துடனான விடுமுறையைத் தனியார் துறையினருக்கு உறுதி செய்யும் மத்திய சட்டமே இல்லை. அங்கு பலருக்கு லீவு என்பது முதலாளியின் மனப்போக்கைப் பொறுத்தது. போலந்திலோ ஊழியருக்குப் பணிக்காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 20 அல்லது 26 நாட்கள் சட்டப்படி உண்டு.

ஆகவே, விளையாட லீவு எடுக்கலாமா என்ற முதற் கேள்விக்கு எமது விடை தெளிவானது. எடுக்கலாம், அதற்காக எவர் முன்னிலும் நாணவும் வேண்டியதில்லை. இதில் எமக்கு ஐயமில்லை. கட்டுரை இத்துடன் முடிந்திருந்தால் எத்துணை வசதியாயிருந்திருக்கும்!

ஓய்வைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்த பழையோருள் அரிஸ்டோட்டில் ஒருவர். விளையாட்டை அவர் களைப்புக்கு மருந்தாகக் கருதினார். ஓய்வையோ வாழ்வின் நோக்கமாகவே உயர்த்தினார். நாம் ஓய்வு பெறுவதற்காகவே உழைக்கிறோம் என்பது அவர் கொள்கை. படிக்க இனிமையான கொள்கைதான். ஆனால் அந்த ஓய்வு யாருக்கு? குடிமக்களுக்கு. அடிமைகள் உழைத்தார்கள், குடிமக்கள் தத்துவம் பேசினார்கள். இந்த உண்மையை அவர் மறைக்கவுமில்லை. நெசவுக்கட்டை தானாகவே நெய்யுமாயின் எசமானருக்கு அடிமைகள் தேவைப்படார் என்று தமது அரசியல் நூலிலே ஓரிடத்திற் சொல்லிப்போகிறார். அவர் நடவாதென எண்ணியது நடந்தது. தறி தானாக நெய்கிறது, கணினி தானாகக் கணக்கிடுகிறது. ஆனால் ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய ஓய்வின்மையின் மீது எழுப்பப்படுவது மட்டும் ஒழியவில்லை. மேலே சொன்ன வார்சோ நிகழ்ச்சியை அதன் மறுபுறத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

விளையாட்டை ஆக்கும் தொழிலில் ‘கிரஞ்ச்’ என்று ஒரு வழக்கு உண்டு. வெளியீட்டு நாள் நெருங்கும்போது வாரக்கணக்காக, சில வேளை மாதக்கணக்காக, இரவையும் வார இறுதியையும் வேலைக்குக் கொடுப்பதே அது. சைபர்பங்க் விளையாட்டின் ஆக்கத்தில் எவரையும் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று 2019இல் நிறுவனத்தின் தலைவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2020 செப்ரெம்பர் இறுதியில், ஊழியர் யாவரும் வாரத்தில் ஆறு நாட்கள் வேலை செய்ய வேண்டுமென்ற கட்டளை பிறந்ததை புளூம்பேர்க் செய்தி ஸ்தாபனம் வெளிப்படுத்தியது. மேலதிக வேலைக்குச் சட்டப்படி பணம் கொடுக்கப்படுகிறது, இலாபத்திற் பத்திலொரு பங்கும் ஊழியருக்குப் பகிரப்படும் என்று நிறுவனம் விடையிறுத்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆறு வாரம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒக்டோபர் 27இன் ஒத்திவைப்பு எதைக் கொண்டுவந்தது? மேலும் மூன்று வாரம் அதே நெருக்கடியை. ஊழியரிற் பெரும்பாலோர் ஒத்திவைப்புச் செய்தியை உலகம் அறிந்த அதே வேளையிலேயே அறிந்துகொண்டனர் என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. அடுத்த நாள் முதலீட்டாளருடன் நடந்த உரையாடலில், இந்த நெருக்கடி வேலை அவ்வளவு மோசமானதன்று என்று இணைத் தலைவர் அடம் கிசின்ஸ்கி சொன்னார். பின்னர் ஊழியரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இப்பொழுது இரண்டு தொழிலாளரை நாம் மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் எங்கோ ஓர் ஊரிலே தன் ஆண்டு விடுமுறையில் மூன்று நாட்களை நவெம்பர் 19க்கென்று எழுதிக் கொடுத்து, அது வீணாகிவிட்டதே என்று கொதிக்கிறார். மற்றவர் வார்சோவிலே சனிக்கிழமையும் மேசையின் முன்னிருந்து விளையாட்டின் வழுக்களைத் திருத்துகிறார். இருவரும் கூலிக்கு உழைப்பவர்கள். இருவருடைய ஓய்வும் ஒரே திகதியால் ஆளப்படுகிறது. அந்தத் திகதியை இருவரும் குறிக்கவில்லை. அதைக் குறித்தவர்களுக்கு நத்தார்ச் சந்தை இருந்தது, பங்குச்சந்தை இருந்தது, பழைய பொறிகள் புதிய பொறிகள் ஆகிய அனைத்துக்குமாக ஒன்பது வடிவங்களை ஒரே வேளையில் வெளியிட வேண்டுமென்ற அவர்களது தீர்மானம் இருந்தது. ஆட்டக்காரர் காத்திருக்கிறார்கள், ஆகவே உழையுங்கள் என்று ஊழியருக்குச் சொல்லப்படுகிறது. ஊழியருக்கு இன்னும் காலம் வேண்டும், ஆகவே காத்திருங்கள் என்று ஆட்டக்காரருக்குச் சொல்லப்படுகிறது. ஒருவரின் துன்பத்துக்கு மற்றவரைக் காரணமாகக் காட்டிவிட்டு நடுவிலே நிற்பவர் நல்லபிள்ளையாக நின்றுவிடுகிறார். இது ஒரு நாட்டில், ஒரு நிறுவனத்தில் மாத்திரம் நடக்கும் தந்திரம் என்று நாம் கருதவில்லை. பஸ் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்யும்போது பிரயாணிகளின் கஷ்டத்தைப்பற்றிக் கண்ணீர் வடிப்போரை நாம் பார்த்ததில்லையா?

அந்தத் தந்திரம் பலித்தது என்பதே வருந்தத்தக்க செய்தி. ஒத்திவைப்பின்பின் விளையாட்டை ஆக்கியோருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இதனை அவர்களுள் ஒருவரே வெளியிட்டு, நாங்களும் மனிதர்தாம் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. விடுமுறையை இழந்தவனின் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த விலாசம் தவறு. சனிக்கிழமையை இழந்தவனைப் பார்த்து, வியாழக்கிழமையை இழந்தவன் பல்லை நறநறக்கிறான்!

இங்கு ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம். நாம் உடுக்கும் துணியும் குடிக்கும் தேநீரும் எவருடைய வியர்வையிலிருந்து வருகின்றன? பிறருடைய மிகையுழைப்பின் பயனைத் தொடமாட்டோம் என்று விரதம் பூண்டால் அம்மணமாகப் பட்டினி கிடக்க வேண்டியதுதானே? அதுவுமன்றி, கணினி விளையாட்டை ஆக்குபவர் சுரங்கத் தொழிலாளியல்லரே. கற்றவர், விரும்பி அத்தொழிலுக்கு வந்தவர், ஓவர்டைம் பணமும் பெறுபவர். இந்த மறுப்பிற் பாதி சரி. விரதத்தால் ஆவது ஒன்றுமில்லை. வாங்காமல் விட்டதனால் தன் கை சுத்தம் என்று ஒருவர் திருப்தியடைவது, தீர்த்தமாடியதனாற் பாவம் போயிற்று என்பவரின் திருப்தியை ஒத்ததே. மறுபாதியை நாம் ஏற்கமாட்டோம். விரும்பி வந்தவர் என்பதே அத்தொழிலில் அதிகம் சுரண்டப்படுவதற்கு வழியாகிறது. தன் ஆக்கத்தின்மீது அன்பு வைத்தவரைத்தான் இன்னும் ஒரு சனிக்கிழமை என்று எளிதிற் கேட்க முடியும். எல்லோரும் இருக்கிறார்கள், நீ மாத்திரம் வீட்டுக்குப் போகிறாயா என்னும் ஒரு பார்வை போதும், கட்டளைகூட வேண்டியதில்லை. ஆசிரியர்களும் தாதிகளும் பத்திரிகைத் தொழிலாளரும் இதை நன்கறிவர். ஓவர்டைம் பணம் களைப்புக்கு விலை கொடுக்கிறது. பிள்ளையோடு கழித்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை அது திருப்பித் தருவதில்லை.

ஆகவே, விளையாடுவதா விடுவதா என்பதன்று ஒழுக்கப் பிரச்சினை. என்னுடைய ஓய்வு இன்னொருவருடைய ஓய்வைத் தின்று வளர்கிறதென்று அறிந்தபின் நான் எவருடைய பக்கத்தில் நிற்கிறேன் என்பதே பிரச்சினை. ஒத்திவைப்பு என்ற செய்தி வரும் நாள் இதற்கு நல்ல பரீட்சை நாள். ஒத்திவைப்பு என்றால் ஆக்குவோருக்கு மூச்சுவிட அவகாசம் என்று வெளியிலிருப்போர் பொதுவாக எண்ணுகிறார்கள். பொறுமையுள்ள ரசிகர் சிலர், பரவாயில்லை, ஆறுதலாகச் செய்யுங்கள் என்று பெருந்தன்மையோடு எழுதுவதையும் காண்கிறோம். அது நல்ல மனம். ஆனால் போதாது. ஆறு நாள் வேலை ஐந்து நாளாகக் குறைக்கப்படுமா, அல்லது ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் நெருக்கடியின் நீட்சிதானா என்று கேட்காத பெருந்தன்மை, நிறுவனத்துக்கே உதவும். திகதி எப்போது என்று ஆயிரம் குரல்கள் கேட்கின்றன. அந்தத் திகதிவரை உங்கள் ஊழியருக்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று அவற்றுள் நூறு குரல்களாவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் சற்றுத் தடுமாறுவார்கள்.

திகதிகளை மக்களின் ஓய்வுக்கேற்ப அமைக்க முடியாதென்றும் இல்லை. யப்பானிலே 1988 பெப்ருவரி 10ஆந் திகதி, ஒரு புதன்கிழமை, ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் மூன்றாம் பாகம் வெளிவந்தது. டோக்கியோவின் கடைகள் முன் பெரும் வரிசைகள் நின்றன. பள்ளியைக் கட் அடித்து வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான மாணவரைப் பொலிசார் பிடித்தனர். நான்காம் பாகம் 1990 பெப்ருவரி 11இல் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, அந்நாட்டின் பொது விடுமுறை நாளுங்கூட. வேலைநாளில் அவ்விளையாட்டை வெளியிடக்கூடாதென்று யப்பானிற் சட்டமே உண்டென ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. அப்படிச் சட்டமொன்றுமில்லை. ஆனால் சட்டமின்றியே திகதி நகர்ந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. வாங்குவோர் எப்பொழுது ஓய்ந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்க முடிந்தவர்கள், செய்வோர் எப்பொழுது ஓய்வர் என்று எண்ணிப் பார்க்க முடியாதா?

சைபர்பங்க் இறுதியில் வெளிவந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 2020 டிசெம்பர் 10ஆந் திகதி அது வெளியாயிற்று. ஓய்வை மனித உரிமையென்று ஐக்கிய நாடுகள் பிரகடனஞ் செய்து சரியாக 72 ஆண்டுகள் நிறைந்த நாள் அது! முன்கூட்டியே பணங்கட்டியவர்கள் மாத்திரம் எண்பது இலட்சம். பழைய பிளேஸ்டேஷன் 4 பொறிகளில் விளையாட்டு அடிக்கடி நின்று போயிற்று, உருவங்கள் சிதைந்தன. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை அகற்றிப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 யூனிலேதான் மீண்டும் அங்கு விற்பனைக்கு வந்தது. டிசெம்பரில் மறுபடியும் லீவு எடுத்தவர் சிலரேனும், எடுத்த லீவை நின்றுபோன திரையைப் பார்த்துக் கழித்திருப்பர். 2021 ஜனவரியில் நிறுவனத்தை உருவாக்கியோருள் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆக்கியோரைக் குறை சொல்லாதீர்கள், தீர்மானித்தவர் நானும் நிர்வாகக் குழுவுமே என்றார். நேர்மையான கூற்று, ஆனால் கொலை மிரட்டல்கள் வந்து இரண்டரை மாதங்கள் கழித்து வந்த கூற்று.

நட்டஈடு எவர் எவருக்குக் கிடைத்தது என்று பார்ப்பதும் பயனுள்ளது. பங்கு வாங்கியோர் தாம் ஏமாற்றப்பட்டதாக அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தனர். 2021 டிசெம்பரில் 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு அது சமாதானமாயிற்று. விளையாட்டை வாங்கியோர் விரும்பினால் விலையைத் திரும்பப் பெற்றனர். விடுமுறையை இழந்தவருக்கு எதுவுமில்லை. சனிக்கிழமைகளை இழந்தவருக்கும் கூலியைத் தவிர எதுவுமில்லை. பணத்துக்கு முறையிட இடமுண்டு. காலத்துக்கு முறையிட மன்றமில்லை. முழு உறுதி என்று எழுதிய அந்த இரண்டு சொற்களுக்கு ஒரு தொழிலாளியின் மூன்று நாட்கள் விலையாகப் போயின என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எவரும் பதியவில்லை.

லீவை இழந்த தொழிலாளிக்கு, எமக்குச் சொல்ல ஒன்று உண்டு. விளையாட்டு வராவிட்டாலும் அந்த மூன்று நாட்களும் உம்முடையவையே. மேலதிகாரியிடம் ஓடிச்சென்று அவற்றைத் திருப்பிக் கொடுக்க முன், உறங்கலாம், நடக்கலாம், பழைய விளையாட்டொன்றை மறுபடி ஆடலாம், ஒன்றுஞ் செய்யாமலும் இருக்கலாம். பிரான்சின் தொழிலாளர் 1936இல் வென்றெடுத்தது ஒரு குறிப்பிட்ட பொருளை நுகரும் உரிமையையன்று. கம்பனி வரவில்லை என்பதற்காக ஓய்வும் வரவில்லை என்று எண்ணும் அளவுக்கு எம் ஓய்வு அவர்கள் பண்டத்தோடு பின்னிப் பிணைந்துவிட்டதே, அதுதான் ஏளனஞ் செய்வோர் காணாத உண்மையான குறை. முன்கூட்டிப் பணங்கட்டுவதும் இத்தகையதே. வராத பொருளுக்குப் பணமும், வராத நாளுக்கு விடுமுறையும் ஈடு வைத்தவனிடம் பேரம் பேச என்ன மிஞ்சும்?

வார்சோவில் 2023ஆம் ஆண்டு, சீ.டி. புரொஜெக்ட் ரெட் ஏறத்தாழ நூறு ஊழியரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபின், அங்கு பணிபுரிவோர் முன்னின்று போலந்தின் விளையாட்டுத் தொழில் ஊழியருக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்தனர். முந்திய ஆண்டுகளின் ஆறு நாள் வாரங்களில் இல்லாதிருந்தது இதுவே.

வேறொரு விளையாட்டுக்கும் இப்பொழுது இதே கதை. ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ தொடரின் ஆறாம் பாகத்துக்கு முதலில் 2025 என்று சொன்னார்கள். 2025 மே 2இல் அதனை 2026 மே 26 என்றாக்கினார்கள். 2025 நவெம்பர் 6இல் மீண்டும் தள்ளி 2026 நவெம்பர் 19 என்று அறிவித்தார்கள். அது ஒரு வியாழக்கிழமை. ஒவ்வோர் அறிவித்தலோடும் எத்தனையோ லீவு விண்ணப்பங்கள் கிழிந்து புதிதாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் அறிவித்தலுக்கு ஒரு வாரம் முன்னர்தான், அதை ஆக்கும் ரொக்ஸ்டார் நிறுவனம் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஊழியரை வேலையினின்றும் நீக்கியிருந்தது. இரகசியத் தகவல்களை வெளியிட்டமையே காரணம் என்றது நிறுவனம். தொழிற்சங்கத்தில் இணைந்தமையே காரணம் என்றது சங்கம். அந்த நவெம்பரில் எடின்பரோவிலுள்ள நிறுவனத்தின் அலுவலகத்தின் முன்னே, நீக்கப்பட்டோரும் அவர்தம் தோழரும் பதாகைகளுடன் கூடி நின்றார்கள். புதிய திகதியைப்பற்றி உலகெங்கும் அந்த வாரம் எழுதப்பட்டவற்றோடு ஒப்பிட்டால், அவர்களைப்பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம்.